மூன்றாவது கேப்

"இன்னிக்கும் இது சரியா உட்காரலைன்னா, இதைச் செய்யற லேப்காரனுக்கு நான் குடுக்கற வேலை இதோட சரி." புதுக் கேப்பை இடுக்கியால் எடுத்தபடியே சொன்னார் பல் டாக்டரம்மா.

நாற்காலியில் சாய்ந்திருந்தவர் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருடைய கடைவாய்ப் பல்லுக்கு மேல் மாட்டும் மூன்றாவது கேப் இது. முதலாவது தூக்கிக்கொண்டு நின்றது, இரண்டாவது ஆடியது.

"நீங்க ஏன் சார் பயப்படறீங்க? உங்க பல்லுல தப்பில்ல. அந்தாளுக்கு வேலை தெரியல. போன வாரம் போன்ல வறுத்தெடுத்தேன், வாயே திறக்கல. தப்பு பண்ணினவன் எப்படித் திறப்பான்?"

நாற்காலிக்காரர் வாயைத் திறந்தே வைத்திருந்தார்.

டாக்டரம்மா கெட்டிக்காரர்தான். ஆனால் கையிலும் வேகம், வாயிலும் வேகம். போன முறை அளவெடுக்கும்போது, பசை நிரப்பிய அச்சுத் தட்டை இவர் வாயில் வைத்தவர், "அடுத்தது யாரு?" என்று கேட்டுக்கொண்டே, பசை இறுகும் முன்பே வெளியே இழுத்துவிட்டார். இவர் பதறிப்போய் இரண்டு விரலைக் காட்டினார். டாக்டரம்மா கழிப்பறைக்கு வழி காட்டினார்.

இன்றும் அந்த விரல் நகங்களில் வெள்ளை அப்பியிருந்தது. "பெயின்ட் வேலையா சார்?"

பஞ்சு அடைத்த வாயிலிருந்து "ம்ம்" என்று மட்டும் வந்தது. டாக்டரம்மா அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டு, கேப்பை வைத்து அழுத்தினார்.

ஆடவில்லை. நீலத் தாளைக் கடிக்கச் சொன்னார். எந்தப் பக்கமும் தூக்கலாக இல்லை. பக்கத்துப் பல்லின் இடுக்கில் நூலை விட்டார். இறுக்கமாகப் போய் வந்தது. ஓரத்தை ஊசிமுனையால் தடவிப் பார்த்தார், எங்கேயும் இடறவில்லை. அப்படியே ஒட்டிவிட்டு, பஞ்சை எடுத்தார்.

டாக்டரம்மாவுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "பாத்தீங்களா? அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க. ஒரே திட்டு, கேப் கச்சிதமா உட்கார்ந்திடுச்சு."

"அப்ப அந்த லேப்பை விட்டுட மாட்டீங்களே?" நாற்காலிக்காரர் முதல்முறையாக முழுதாக ஒரு வாக்கியம் பேசினார்.

"இனிமே ஏன் விடறேன்? ஆனா ரெண்டு தடவை சொதப்பினவன், இந்தத் தடவை மட்டும் அப்படி என்ன பண்ணினான்னுதான் புரியல."

நாற்காலிக்காரர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். நிம்மதியாகத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு நிமிஷம் கூடுதலா வெச்சு, அளவை என் லேப்லயே நானே எடுத்துக்கிட்டேன் டாக்டர்."