ஆடாத தூண்

கண்ணை வைத்தாள்.

தொலைநோக்கிக்குள் சனி நெளிந்தது.

கண்ணை எடுத்து, மூச்சை நிதானமாக விட்டு, மறுபடி வைத்தாள். அதே வலது கண். வளையம் தெரிந்தது. ஆனால் நடுவில் யாரோ ஈர விரலால் தேய்த்துவிட்ட மாதிரி இருந்தது.

தொலைநோக்கியைத் தாங்கிய கான்கிரீட் தூணைத் தட்டிப் பார்த்தாள். ஓங்கியே தட்டினாள்.

உள்ளங்கைதான் வலித்தது.

மூன்று மாதமாக ஸ்டாண்டைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். அதில் நியாயமும் இருந்தது. தொலைநோக்கியோடு வந்த மூன்றுகால் ஸ்டாண்ட், பெயருக்குத்தான் கால். ஃபோகஸ் திருகைத் தொட்டால் போதும், சனி துள்ளும். அடங்க ஐந்து நொடி ஆகும். நடுவில் செங்கல் பையைக் கட்டித் தொங்கவிட்டாள். கால்களுக்கு அடியில் டயர்த் துண்டு வைத்தாள். துள்ளல் குறைந்தது.

நெளிவு குறையவில்லை.

வாட்ஸ்அப் குழுவில் கேட்டாள். வானம் பார்க்கிறவர்களிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். ஸ்டாண்ட் சரியில்லை, மாற்றுங்கள். பதினோரு பேர் அதையே சொன்னார்கள்.

அவளுக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஸ்டாண்ட் என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

பனியன் கம்பெனியில் துணிச் சோதனை அவள் வேலை. லென்ஸில் வலது கண்ணை வைத்து, ஓர் அங்குலத்துக்கு எத்தனை இழை என்று எண்ண வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கண்தான் சம்பளம் வாங்குகிறது. இரண்டு மாதமாக அங்கேயும் இழைகள் நெளிகின்றன. மேசை ஆடுகிறது என்று சூப்பர்வைசரிடம் சண்டை போட்டு மேசையை மாற்ற வைத்தாள்.

இடது கண்ணால் ஒருமுறை பார்த்திருந்தால் கோளாறு எதில் என்று ஒரே நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

அதனால்தான் பார்க்கவில்லை. அவ்வளவு பயம்.

அதற்குப் பதிலாகக் கொத்தனாரைக் கூப்பிட்டாள். கொல்லையில் நாலடி தோண்டி, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, இடுப்பு உயரத்துக்குத் தூண். கொத்தனார் மாரப்பன் வாழ்நாளில் எதையும் தாங்காத தூணைக் கட்டியதில்லை. தூணைச் சுற்றித் தரைக்கும் அதற்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடச் சொன்னபோது அவருக்கு மனசே ஆறவில்லை.

“ஒட்டிப் பூசிரலாமுங்க. பாக்கறவிய என்னையல்ல திட்டுவாங்க?”

“ஒட்டுனா நடக்கற அதிர்வெல்லாம் தூணுக்குப் போயிருமுங்க. மணல் போட்டு விட்டுருங்க, போதும்.”

சாக்கைச் சுற்றி இருபத்தோரு நாள் தண்ணீர் ஊற்றினாள். வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்த பின் ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் மனசுக்குள் ஒரே வேண்டுதல். ஸ்டாண்டாகவே இருக்கட்டும்.

இன்று சாயங்காலம் சாக்கைப் பிரித்தாள். வானத்தின் நகர்வோடு தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாரும் தொலைநோக்கியும் தூண்மேல் ஏறின.

இப்போது மணி ஏழேகால். வேலுச்சாமி சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுக் கொல்லைக்கு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவள் வானம் பார்ப்பதைக் கேலி செய்து ஓயாத மனிதர்.

“ஊரெல்லாஞ் சனி போனாப் போதும்னு எள்ளு வெளக்குப் போடுது. எம் பொண்டாட்டி தூணு கட்டிக் கூப்புடறா.”

அவள் சிரிக்கவில்லை. நகர்ந்து வழி விட்டாள்.

“நீங்க பாருங்க.”

குனிந்தார். பழைய ஸ்டாண்டில் ஒருமுறை பார்த்துவிட்டு, பட்டாணி குதிக்கிறது என்று எழுந்து போனவர். இந்தத் தடவை எழவில்லை.

“அடேயப்பா.”

அவள் காத்திருந்தாள்.

“நெளியுதுங்களா?”

“நெளியறதா? ஆணி அடிச்சாப்புல நிக்குது புள்ள. வளையத்துக்குள்ள கருப்பா ஒரு கோடு ஓடுது பாரு, பென்சில்ல போட்டாப்புல!”

அந்தக் கோட்டைப் பார்க்கத்தான் அவள் மூன்று மாதமாகத் தவித்தாள். அவருக்கு முதல் பார்வையிலேயே கிடைத்துவிட்டது. செலவழித்தது வீண் போகவில்லை என்று அவருக்கு அப்படியொரு சந்தோஷம். தூணை மாட்டைத் தட்டுவது போலத் தட்டிக்கொடுத்தார்.

“இப்ப நீ பாரு.”

அவள் போய் நின்றாள்.

இனி திட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை.

வலது கண்ணை மூடினாள். இடது கண்ணை வைத்தாள். பழக்கமில்லாததால் முதலில் இருட்டுதான் தெரிந்தது. தலையைக் கொஞ்சம் சாய்த்தாள்.

வந்தது.

வளையம். உள்ளே கோடு. பக்கத்தில் புள்ளியாக ஒரு நிலா. எதுவும் நெளியவில்லை.

இத்தனை வருடத்தில் சனியை இவ்வளவு சுத்தமாக அவள் பார்த்ததில்லை. சந்தோஷமாக இருந்தது.

“தெரியுதா?” என்றார்.

“தெரியுதுங்க.”

பின்னால் அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். காதில் விழவில்லை.

“ஏனுங்க.”

“ம்?”

“நாளைக்கு லீவு போட முடியுங்களா? கண்ணாஸ்பத்திரிக்குப் போகோணும்.” தலையைத் தூக்காமலே சொன்னாள். “வலது கண்ணு. மூணு மாசமாச்சு.”

மணலில் செருப்பு உரசும் சத்தம் கேட்டது. பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

“எத்தன மணிக்குப் பொறப்படறது?”

இரண்டு கையாலும் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

இடது கண்ணை எடுக்காமலே உடம்பின் பாரத்தை அதன்மேல் சாய்த்தாள்.

சனி அசையவில்லை.