காரில் ஒரு சுற்று

"வாரன்ட்டி முடிஞ்ச கையோட எங்க ஆபீஸ் கேஷியர் கார்ல ஃப்யூயல் பம்ப் போயிடுச்சு. செலவைக் கேட்டு மனுஷன் அழாத குறை!" என்றார் அவர், வீட்டுக்குள் நுழைந்ததுமே. "நம்ம காரும் அதே மாடல். வாரன்ட்டியும் இந்த வாரத்தோட முடியுது."

"ஏங்க, நான் ஒண்ணு சொல்லணும்…" என்றாள் மனைவி.

"அப்புறம் சொல்லு. கிளம்பு, கார்ல ஒரு சுத்து போயிட்டு வரலாம்!"

போகிற பம்ப் இப்போதே போய்த் தொலைந்தால் கம்பெனி தலையில் கட்டிவிடலாம் என்பது அவர் கணக்கு. அதைப் பற்றி மனைவியிடம் மூச்சுவிடவில்லை. தினமும் ஏரிக்கரை, கடற்கரை, மலைப்பாதை என்று காரைப் போட்டு விரட்டினார். கல்யாணமான புதிதில்கூட அவள் இவ்வளவு சுற்றியதில்லை.

கடைசி நாள், மலையேறும்போது கார் விக்கி விக்கி நின்றேவிட்டது.

"போயிடுச்சு! பம்ப் போயிடுச்சு!" என்று இறங்கிக் குதித்தார். "நாளைக்குப் போயிருந்தா நம்ம செலவு. இன்னிக்குக் கம்பெனி செலவு!"

மனைவி சீட்டில் சாவகாசமாகச் சாய்ந்துகொண்டாள்.

"நாளைக்குப் போயிருந்தாலும் கம்பெனி செலவுதாங்க. வாரன்ட்டியை நான் போன மாசமே நீட்டி வெச்சுட்டேன்."

"அடிப்பாவி! இதை ஏன் முன்னாடியே சொல்லலை?"

"சொல்ல வந்தேனே! நீங்கதான் 'அப்புறம் சொல்லு, கிளம்பு'ன்னீங்க. கிளம்பிட்டேன்."