ஆளில்லாத வீட்டுக்கு ஒரு திரை

காலை வெயில் பட்டு, ஆளில்லாத அந்த வீடு கண்ணைக் கூச வைக்கிறது. தெருவுக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று எல்லோரும் சேர்ந்து போன மாதம்தான் முன்பக்கத்துக்கு வெள்ளையடித்தோம். வாசலில் பூந்தொட்டி வைத்தது ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். ஜன்னலுக்குப் பூப்போட்ட திரை தைத்து மாட்டியது பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா. வீட்டின் பின்சுவர் தன் தையல் அறைமேல் சாய்ந்துகொண்டே வருகிறது, இடியுங்கள் என்று நகராட்சிக்கு மனு கொடுத்ததும் அதே அக்காதான். நகராட்சி அதிகாரி வந்துவிட்டார். ஸ்கூட்டரை அணைக்காமல், ஒரு காலை வாசற்படியில் ஊன்றிப் பார்க்கிறார். “இதுவா பாழடைஞ்ச வீடு? என் வீட்டைவிடப் பளிச்சுனு இருக்கு.” “பின்னால வந்து பாருங்க சார். சுவர் விழுந்தா மிஷினோட நானும் காலி.” “குடியிருக்கிற வீட்டை எப்படிம்மா இடிக்கிறது? திரையெல்லாம் போட்டிருக்காங்க.” போஸ்ட்மாஸ்டர் பூந்தொட்டிக்கு ஊற்றிக்கொண்டிருந்த தண்ணீர்க் குவளையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகிறார். அக்கா ஜன்னல் கம்பிக்குள் கைவிட்டுத் திரையை ஒரே இழுப்பாக இழுக்கிறாள். உள்ளே அறை இல்லை. நீல வானமும், காய்த்துத் தொங்கும் ஒரு பப்பாளி மரமும் தெரிகின்றன. “கூரை எங்கம்மா?” “உள்ளதான் சார், தரையில கிடக்கு.” அதிகாரி படியிலிருந்து காலை எடுக்கிறார். முதலில் ஸ்கூட்டரைத் தெருவின் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துகிறார். பிறகுதான் பின்பக்கத்துக்கு வழி கேட்கிறார்.