கேட்கக்கூடாத கேள்வி

பக்கத்து வீட்டுத் தாரிகா, செத்துப்போன புருஷன் சிவரூபனின் அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு, பேயும் மந்திரமுமான ஒரு நாவல் தொடரின் இரண்டாம் பாகத்தைப் பிடித்துக்கொண்டாள். முதல் பாகத்தில் செத்தவன் இதில் திரும்பி வருகிறானாம்.

நான் வேலியால் எட்டி, "எப்பிடிப் பிள்ளை வாறான்?" என்றேன். ஊர் விடுப்புக் கேளாமல் எனக்குச் சோறு இறங்காது.

"வெளிக்கிடேக்கை ஆரும் எங்கை போறாய் எண்டு கேக்காட்டி, வந்து வந்து போவானாம் அன்ரி. கேட்டால் பிறகு வரமாட்டான்." என் வாயையே பார்த்தாள். "உங்களைக் கும்பிட்டன், கேட்டுப்போடாதேங்கோ."

"உது வெறும் கதையெல்லே பிள்ளை!" என்று சிரித்தேன்.

இன்று காலை, சைக்கிளில் வாழைக்குலை கட்டி, சிவரூபன் படலையால் வெளியே வந்தான். வழமைபோல என்னைப் பார்த்துத் தலையாட்டினான். பின்னால் தாரிகா, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள்.

எங்கே போகிறாய் என்று கேட்காமல் இந்த ஒழுங்கையில் ஒருத்தரையும் நான் போகவிட்டதில்லை. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டேன்.