குதிரையின் மிச்சக் கதை

"விறைக்கிற ஊசி இல்லை, யாக்கோப்பண்ணை. உங்கட வாய்தான் இருக்கு. மனுசி ஆடாமல் கிடக்கவேணும், தொடங்குங்கோ" என்றார் டொக்டர், திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்று.

இந்தப் பக்கம் வாங்கில் குந்தியபடி நான். அந்தப் பக்கம் மேசையில் என் மனுசி மேரிறோஸ்.

கர்ப்பப்பை வாயில் ஒரு சதை தொங்குகிறதாம். மாதவிலக்கு நின்று எவ்வளவோ காலத்துக்குப் பிறகு அவளுக்கு இரத்தம் படுவது அதனால்தானாம். கிடுக்கியால் பிடித்து முறுக்கினால் கழன்றுவிடும், வாட்டில் படுக்கத் தேவையில்லை, மத்தியானச் சோற்றுக்கு வீட்டுக்குப் போகலாம் என்றார்.

ஊசி மட்டும் யாழ்ப்பாணத்தில், பண்ணைப் பாலத்துக்கு அங்காலே நின்றது. பாலத்தடிக் கோட்டையில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டியதிலிருந்து காகங்கூடச் சுத்துப்பாதையால்தான் தீவுக்கு வந்தது.

ஊர்காவற்றுறையில் என்னைவிடப் பெரிய புளுகன் ஒருவன் இருந்தான். அவன் செத்த பிறகு பதவி எனக்கு வந்தது.

மேரிறோசிடம் மட்டும் ஒன்றும் பலித்ததில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து, நான் எதைச் சொன்னாலும் முடிக்க முன்னமே "புளுகு" என்பாள்.

தொடங்கினேன்.

"நயினாதீவுக் கடலில வலை வளைச்சனான். என்ன பட்டது? நெடுந்தீவுக் குதிரை!"

"புளுகு" என்றது திரை.

குதிரை வலையோடு வள்ளத்தையும் இழுத்துக்கொண்டு இராமேஸ்வரத்துக்கே போய்விட்டது. கரையில் எங்கள் இரண்டு பேரையும் அகதி என்று பதிந்தார்கள். நான் கனக்கக் கதைத்தேன். குதிரை வாயே திறக்கவில்லை. அதனால் அதைத்தான் குடும்பத் தலைவர் என்று எழுதினார்கள்.

"புளு..."

பாதியில் நின்றது. மேசை கிறீச்சிட்டது.

நான் நிறுத்தவில்லை. குதிரைக்கு நிவாரண அரிசி கொடுத்தார்கள். ஒரு சேலையும் கொடுத்தார்கள். நிறம் பிடிக்கவில்லை என்று அது மாற்றித் தரக் கேட்டது.

புளுகு என்று சொல்ல ஆளில்லை.

"முடிஞ்சுதம்மா, முடிஞ்சுது" என்றாள் நேர்ஸ் பிள்ளை.

டொக்டர் வெளியே வந்தார். கையில் சின்னப் போத்தல். உள்ளே நாவற்கொட்டை அளவில் ஒரு துண்டு. யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"இதை யாழ்ப்பாணம் அனுப்பிச் சோதிக்கவேணும். எனக்கு நல்லதாப் படேல்லை, அண்ணை. பாதை திறக்கட்டும்."

அவர் அலுமாரியைத் திறந்து போத்தலை வைத்தார். அங்கே அதுபோல வேறு போத்தல்களும் நின்றன.

திரையை விலக்கினேன். மேரிறோஸ் சேலையைச் சரிசெய்தபடி மேசை ஓரத்தில் இருந்தாள். உதட்டில் பல் பதிந்த அடையாளம்.

"டொக்டர் என்ன சொன்னவர்?"

"வெறும் சதையாம். எறிஞ்சாச்சு."

புளுகு என்ற அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையில் கிடந்த அந்த மெல்லிய திரைச்சீலையைப் பார்த்தாள்.

"ஓம்" என்று தலையாட்டினாள்.

என் தோளைப் பிடித்து மெல்ல இறங்கினாள். வாசல்வரை அந்தப் பிடியை விடவில்லை. வெயிலில் கால் வைக்கும்போதுதான் கேட்டாள்.

"பிறகு அந்தக் குதிரைக்கு என்னப்பா நடந்தது?"

அதுக்கு மேலே நான் யோசித்து வைத்திருக்கவில்லை.