வரம்பு வைக்காத கட்டம்

மலேசியாவில் லிங்கிப் பக்கத்து எஸ்டேட் கோயிலின் அலுவலகத்தில் பிரிண்டர் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. தாள் மேசையிலிருந்து வழிந்து தரையில் மடிந்து மடிந்து விழுந்தது.

அமிர்தலிங்கம் ஓடி வந்தபோது, கோயில் தலைவர் சொக்கப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

“என்ன தம்பி பண்ணி வச்சிருக்கே? வெள்ளிக்கிழமையும் அதுவுமா ஒரே பேரு வந்துக்கிட்டே இருக்கு. முதல்ல ஆஃப் பண்ணுலா!”

எஸ்டேட்டை விட்டு ராசா டவுனுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் இருந்த இடத்திலிருந்தே அர்ச்சனைக்குப் பெயர் கொடுக்கட்டும் என்று, இண்டர்நெட்டில் பக்கம் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். தொண்ணூற்றெட்டில் அது பெரிய விஷயம். ஊரே மெச்சியது.

பெயர், நட்சத்திரம், எத்தனை முறை. எந்தக் கட்டத்தில் எதை அடித்தாலும் அப்படியே வாங்கிப் பிரிண்டருக்கு அனுப்பிவிடும். சாமிக்குப் பெயர் கொடுக்க வருகிறவர்களை வாசலில் நிறுத்திச் சோதிப்பதா என்று விட்டுவிட்டான். அந்த அசட்டு நம்பிக்கை இப்போது மானத்தை வாங்கியது.

பார்க்காமலே புரிந்தது. ‘எத்தனை முறை’ கட்டத்துக்கு அவன் வரம்பே வைக்கவில்லை. எவனோ ஒன்பது ஒன்பதாக அடித்துத் தள்ளியிருக்கிறான். உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் எவனும் உள்ளே நுழைந்து விளையாடலாம். விஷயம் பரவினால் பக்கத்தையே மூடச் சொல்லிவிடுவார்கள். இத்தனை நாள் உழைப்பும் பாழ்.

ஆள் மட்டும் கையில் கிடைத்தால் தோலை உரித்துவிடுவேன் என்று கறுவிக்கொண்டே சுவிட்சுக்குக் கை நீட்டினான்.

அதற்குள் பூசாரி, கைக்கு வந்த தாளை வைத்து ஒலிபெருக்கியில் வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

கயல்விழி. கயல்விழி. கயல்விழி.

சந்நிதியில் பேச்சு அடங்கியது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெயரில் எஸ்டேட்டில் யாரும் கிடையாது.

கயல்விழி. கயல்விழி.

அமிர்தலிங்கம் நீட்டிய கை அப்படியே நின்றது.

அலுவலக வாசலில் அவன் மனைவி பஞ்சாலை நின்றிருந்தாள். பெயர் கேட்கும் ஒவ்வொரு முறையும் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

“நிறுத்திடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் கூப்பிடட்டும்.”

பிள்ளை வயிற்றில் இருந்தபோது அவன் அவள் காதோடு சொன்ன பெயர் அது. வேறு யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பேரும் வெறுங்கையோடு திரும்பிய அன்று, இனி இந்த வீட்டில் எடுக்கவே கூடாது என்று அவன் சொல்லிவைத்த பெயர்.