முப்பது விநாடிக் கடன்

“விதிமுறை விதிமுறைன்னு நாட்டையே பின்னுக்கு இழுக்கிறீங்க மேடம்” என்றான் சாய் கிருஷ்ணா. அவனுடைய கடன் செயலிக்கு அனுமதி தருவதா என்று முடிவு செய்ய வேண்டியவள் கோமதி. கொல்கத்தா அலுவலகத்தில் ஒரு தமிழ் அதிகாரி வாய்த்ததில் அவனுக்குத் துணிச்சல் கூடியிருந்தது.

“ஆளை நேர்ல பார்க்காமலே கடன் கொடுப்பீங்களா?”

“பேங்க் கிளார்க்கைவிட எங்க மெஷின் நல்லாப் பார்க்கும். ஏதாவது ஒரு போன் கொடுங்க, காட்டறேன்.”

கோமதி கைப்பையிலிருந்து ஒரு பழைய போனை எடுத்துத் திறந்து கொடுத்தாள். அவன் செயலியை ஏற்றி, கேட்டதற்கெல்லாம் சம்மதம் என்று மளமளவென அழுத்தினான். முப்பதே விநாடி.

“மருதமுத்து, கிடர்பூர். ஐம்பதாயிரம் சாங்ஷன்! ரொம்ப நாணயமானவராம். ஆறு மாசமா ஒரு வீண் செலவுகூட இல்ல. யாரு மேடம் இவர்?”

“எங்க அப்பா.”

“அவர்கிட்டயே கேளுங்க, எங்க சேவை எப்படின்னு.”

“கேட்க முடியாது. பென்ஷன் கணக்கை முடிக்கத்தான் இந்தப் போனை வச்சிருக்கேன். அவரை ஆறு மாசத்துக்கு முன்னால கேவ்ராதலா சுடுகாட்டுல எரிச்சாச்சு” என்ற கோமதி, அவனுடைய விண்ணப்பத்தை அவன் பக்கமே தள்ளினாள்.